ஃபேசியாவுக்குத் தேவை அழுத்தமா, அசைவா?

தசைகளை உறைபோலச் சூழ்ந்திருக்கும் ஃபேசியா என்னும் படலம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் அளித்த பதில்கள்.

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறேன். மாலையில் எழுந்தால் இடுப்பும் முதுகும் விறைத்துப்போய், நிமிரவே சில நிமிடங்கள் ஆகின்றன. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. ‘ஃபேசியா இறுகிவிட்டது’ என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பதில்: தோலுக்கு அடியில் தளர்வான ஓர் அடுக்காகவும், அதற்கும் கீழே தசைகளையும் தசைக்கூட்டங்களையும் சுற்றி உறுதியான அடுக்காகவும் உடல் முழுவதும் தொடர்ந்து செல்லும் இணைப்புத் திசுவே ஃபேசியா. அதன் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத இழைகள்; அதன் வழுக்கலுக்குக் காரணம் அடுக்குகளுக்கு இடையே இருக்கும், ஹையலூரோனிக் அமிலம் நிறைந்த வழுவழுப்பான பொருள். உங்கள் முன்கையின் தோலை மறுகை விரல்களால் லேசாகப் பற்றி, மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அடியில் இருக்கும் தசை அசையாமல் இருக்க, தோல் மட்டும் எளிதாக வழுக்கிச் செல்வதை உணரலாம். இதே வழுக்கல் உள்ளே, தசைக்கும் தசைக்கும் இடையிலும் நடக்க வேண்டும்.

நெடுநேரம் அசையாமல் இருக்கும்போது அந்த வழுவழுப்பான பொருள் கெட்டிப்படத் தொடங்குகிறது. அசைவும் உடற்சூடும் அதை மீண்டும் நெகிழச் செய்கின்றன. எழுந்து நான்கு அடி நடந்த பிறகு உங்கள் முதுகு இலகுவாவதற்கு இது ஒரு காரணம். தசைகளும் நரம்புகளும் அதில் பங்கு கொள்கின்றன என்பதால், எல்லா விறைப்பையும் ஃபேசியாவின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆனாலும் கீழ்முதுகில் ஃபேசியாவுக்குத் தனி இடம் உண்டு. அங்கே பல அடுக்குகளாக அமைந்த தடித்த படலம் ஒன்று, முதுகின் அகன்ற தசையையும் புட்டத்தின் பெரிய தசையையும் இணைத்து, நடக்கும்போது கைவீச்சின் இழுவிசையை எதிர்ப்பக்கக் காலுக்குக் கடத்த உதவுகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் இந்த அடுக்குகளின் வழுக்கல், வலி இல்லாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்ததை 2011-இல் வெளியான ஓர் அல்ட்ராசவுண்ட் ஆய்வு பதிவு செய்தது. வலியால் வழுக்கல் குறைந்ததா, வழுக்கல் குறைந்ததால் வலி வந்ததா என்பதை அந்த ஆய்வை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் அசைவது. ஒவ்வொரு முறையும் ஒரே அசைவைச் செய்யாதீர்கள். ஒருமுறை ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பக்கவாட்டில் சாயுங்கள். அடுத்த முறை இடுப்பிலிருந்து இருபக்கமும் மெல்லத் திரும்புங்கள். இன்னொரு முறை கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்தாறு தடவை எழுந்து உட்காருங்கள். நடக்கும்போது கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடக்காமல், இரு கைகளையும் வீசி நடங்கள். முதுகை நேராக வைத்து உட்காருவதே தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். எவ்வளவு சரியான நிலையானாலும், அதிலேயே மணிக்கணக்கில் இருந்தால் இதே தொல்லைதான் வரும்.

கேள்வி: ஃபோம் ரோலர் என்னும் நுரை உருளையை வைத்துத் தொடையின் வெளிப்பக்கத்தைப் பலமாக உருட்டினால் ஃபேசியாவில் உள்ள முடிச்சுகள் உடையும் என்கிறார்கள். வலி தாங்க முடியவில்லை. தொடரலாமா?

பதில்: அவ்வளவு வலியோடு தொடர வேண்டாம். தொடையின் வெளிப்பக்கப் படலமும் உள்ளங்காலின் படலமும் மிகக் கெட்டியானவை. அவற்றை ஒரே ஒரு சதவீதம் அழுத்தவோ நகர்த்தவோ வேண்டுமானாலும், மனிதக் கைகளால் தர முடியாத அளவு விசை தேவைப்படும் என்று 2008-இல் வெளியான ஒரு கணித மாதிரி காட்டியது. எனவே ரோலரால் எதுவும் உடைவதில்லை. உருட்டிய பின் மூட்டு சற்றுக் கூடுதலாக வளைவது உண்மைதான். நீட்சியைத் தாங்கும் அளவை நரம்பு மண்டலம் சிறிது நேரத்துக்கு உயர்த்துவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரு தசைக்கு ஓரிரு நிமிடம், மூச்சைப் பிடிக்காமல் பேசக்கூடிய அளவு அழுத்தத்தில் உருட்டிவிட்டு, உடனே அந்தக் காலைப் பயன்படுத்தும் பயிற்சிக்குப் போய்விடுங்கள். தோலில் கன்றிப்போனால் அழுத்தம் மிகுதி என்று பொருள்.

கேள்வி: காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகால் குத்துகிறது. நடக்க நடக்கக் குறைகிறது. குதிகாலுக்கு ஓய்வு தந்தால் போதுமா?

பதில்: நீங்கள் சொல்லும் விதம், குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை செல்லும் உள்ளங்கால் படலத்தின் பாதிப்புக்கே பெரும்பாலும் பொருந்துகிறது. முழு ஓய்வு வலியைக் குறைக்கலாம். ஆனால் படலத்தை வலுவாக்காது. நெடுநேரம் நிற்பதையும் ஓடுவதையும் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டு, பின்வரும் இரண்டையும் செய்யுங்கள்.

முதலாவது, எழுந்து நிற்கும் முன் படுக்கையிலேயே செய்ய வேண்டியது. வலிக்கும் காலை மறுகாலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலுக்குக் கீழுள்ள முன்பக்க எலும்பை நோக்கி இழுங்கள். மறுகையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால், அங்கே ஒரு நாண் இறுகி நிற்பது தெரியும். அது தெரிந்தால்தான் இழுப்பது சரியாக இருக்கிறது. பத்து நொடி பிடித்து விடுவதைப் பத்துமுறையும், நாளுக்கு மூன்று வேளையும் செய்யுங்கள்.

இரண்டாவது, என் கருத்தில் இதைவிட முக்கியமானது. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மடிந்திருக்குமாறு நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாக இருந்தார்கள்; ஓராண்டு முடிவில் இரு தரப்பும் சமமாகின. விரைவாக நடமாட வேண்டிய ஒருவருக்கு அந்த மாதங்கள் பெரிய விஷயம்.

கேள்வி: தண்ணீர் நிறையக் குடிப்பதும் கொலாஜன் பொடி சாப்பிடுவதும் ஃபேசியாவை மென்மையாக்குமா?

பதில்: தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும், கூடுதலாகக் குடிக்கும் தண்ணீர் நேரே படலங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. உடல் கொலாஜனை உருவாக்கப் புரதமும் வைட்டமின் சி-யும் தேவை. இவை வழக்கமான உணவில் கிடைத்தால் பொடிக்குச் செலவிட வேண்டியதில்லை. பலர் கவனிக்காமல் விடுவது இரத்தச் சர்க்கரையை. நீண்டகாலம் சர்க்கரை கூடியிருந்தால் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுக்கமும், உள்ளங்கைப் படலம் சுருங்கி விரல் மடங்கிப்போவதும் கூடுதலாக வருவது இதனால்தான் என்று கருதப்படுகிறது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது சிரமமாகத் தொடங்கினால், நீரிழிவு உள்ளவர்கள் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இத்தனை வயதுக்குப் பிறகு தொடங்கினால் பயன் இருக்குமா?

பதில்: நிச்சயமாக இருக்கும், ஆனால் அவசரப்படக் கூடாது. கொலாஜன் மெதுவாகத்தான் மாறும். அதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும். கடினமான பயிற்சிக்குப் பின் தசைநாண்களில் கொலாஜன் உற்பத்தி கூடி ஏறத்தாழ மூன்று நாள் வரை நீடிப்பதால், பாரம் தூக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் மட்டும், நடுவே இடைவெளி விட்டுச் செய்யட்டும். நடையும் மென்மையான நீட்சியும் தினமும் இருக்கட்டும். எலும்பு அடர்த்திக் குறைவு இருந்தால் குதிக்கும் பயிற்சிகளும் முதுகை முன்னால் வேகமாக வளைக்கும் பயிற்சிகளும் வேண்டாம். முதுகு வலியோடு கால்கள் பலவீனமாவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சல் வருவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அதை வெறும் விறைப்பு என்று விட்டுவிடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.