மார்ட்டின்ஸ்வில் தடத்தைக் கட்டிய கிளே ஏர்ல்ஸ்: கேள்வி பதில்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம் (சாலைக் கார்களைப் போன்ற தோற்றமுள்ள கார்கள் ஓடும் பந்தயம்) பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில், பந்தயத் தடம் நடத்துவது என்ன மாதிரித் தொழில் என்று கேட்டவர்களே அதிகம். வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் தடத்தை நிறுவிய எச். கிளே ஏர்ல்ஸின் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதல் பந்தயமே வெற்றியா?

வசூலில் வெற்றி, வசதியில் படுதோல்வி. 1947 செப்டம்பரில், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு உருவாகும் முன்பே, ஏர்ல்ஸ் இதை மண் தடமாகத் திறந்தார். போடப்பட்டிருந்த இருக்கைகள் 750. டிக்கெட் வாங்கியவர்களோ ஆறாயிரத்துக்கும் மேல். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துக்குப் போகும் நல்ல உடையில் வந்தவர்கள், தலைமுதல் கால்வரை செம்மண் புழுதி அப்பிக்கொண்டு வீடு திரும்பினார்கள். வென்றவர் ரெட் பைரன். புழுதி படிந்த அந்த முகங்களை ஏர்ல்ஸ் மறக்கவில்லை. 1955இல் தடத்துக்குத் தார் போட்டார். குடும்பத்தோடு வருகிறவர்கள் மறுபடியும் வரவேண்டும் என்பதே அவர் கணக்கு. அவரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: தடத்தின் உரிமையாளருக்கு எதில் வருமானம், எதில் ஆபத்து?

வருமானம் டிக்கெட்டிலும் தின்பண்ட விற்பனையிலும். பின்னாளில் தொலைக்காட்சி உரிமையும் சேர்ந்துகொண்டது. பரிசுப் பணம், நாஸ்காருக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம், விளம்பரம் எல்லாம் செலவு. மழை வந்தால் பந்தயம் தள்ளிப்போகும், கூட்டம் கலையும். கைப்பணம் போட்டு நடத்துகிறவருக்கு அது பேரிடி.

கேள்வி: தடம் அவ்வளவு சிறியதா?

ஒரு சுற்று 0.526 மைல், அதாவது சுமார் 850 மீட்டர். காகிதக் கிளிப் வடிவம்: இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரண்டு கூர்மையான, தட்டையான வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும்; பிரேக் தட்டுகள் சிவக்கச் சிவக்கக் காய்வதைப் பார்வையாளர் இருக்கையிலிருந்தே காணலாம். கனமான கார்கள் வளைவுத் தாரைப் பெயர்த்தெடுத்ததால், 1976இல் அங்கே கான்கிரீட் போட்டார்கள்.

கேள்வி: வென்றவருக்குக் கடிகாரம் கொடுக்கிறார்களாமே?

ஆம், ஆளுயரத் தாத்தா கடிகாரம். மார்ட்டின்ஸ்வில் வட்டாரம் மரச்சாமான்களுக்குப் பேர்போனது. கடிகாரத் தொழிற்சாலையும் பக்கத்திலேயே இருந்தது. கோப்பை அலமாரியில் ஏறினால் அதோடு சரி. கடிகாரமோ கூடத்தில் நின்று மணிக்கு மணி பேசும். 1964இல் முதல் கடிகாரத்தைப் பெற்றவர் ஃப்ரெட் லாரன்சன். இன்று ஓட்டுநர்கள் பரிசுத் தொகையைவிடக் கடிகாரத்தைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். விளம்பரத்துக்குக் கோடி கொட்டினாலும் இப்படி ஓர் ஆசையை வாங்க முடியாது.

கேள்வி: இப்போது தடம் யார் கையில்?

ஏர்ல்ஸ் 1999இல் மறைந்தார். 2004இல் குடும்பத்தார் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆனாலும் நிர்வாகப் பொறுப்பில் அவருடைய பேரன் கிளே கேம்பல் தொடர்ந்தார். 1949இல் நாஸ்காரின் முதன்மைத் தொடர் தொடங்கியதிலிருந்து இந்தத் தடம் ஒரு பருவத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.