‘லெகசி மாதிரியேதான்’ என்கிறார் தரகர். நம்பலாமா?

கேள்வி: துபாயில் ஒரு குடும்ப நிறுவனத்தின் பயண ஏற்பாடுகளைக் கவனித்து வருகிறேன். முதலாளிக்குப் பழைய ஜெட் ஒன்று வாங்கப் பேச்சு நடக்கிறது. ரியாத்துக்கு வாரா வாரம், லண்டனுக்கு மாதம் இரண்டு முறை போய் வருவார். தரகர் இரண்டு எம்ப்ரயர் விமானங்களைக் காட்டினார். ஒன்று லெகசி 600 என்ற பிசினஸ் ஜெட். இன்னொன்று இஆர்ஜே 135, பயணிகள் விமானமாக ஓடியது. உள்ளே சொகுசாக மாற்றியிருக்கிறார்கள். ‘இதுவும் லெகசி மாதிரியேதான்’ என்கிறார். விலையும் மிகக் குறைவு. மலிவானதையே எடுத்துவிடலாமா?

பதில்: லண்டன் பயணம் உண்டு என்றால் வேண்டாம்.

தரகர் சொல்வதில் பாதி உண்மை. லெகசி 600, பிரேசிலின் எம்ப்ரயர் நிறுவனம் செய்த இஆர்ஜே 135 என்ற 37 இருக்கை விமானத்திலிருந்து பிறந்ததுதான். 2001-இல் முதலில் பறந்தது. ஆனால் இருக்கைகளைக் கழற்றிவிட்டு சோபா போட்டதால் மட்டும் அது லெகசி ஆகிவிடவில்லை. எரிபொருளுக்குக் கூடுதல் டேங்குகள் வைத்தார்கள். இறக்கை நுனியில் மேல்நோக்கி நிற்கும் விங்லெட் சேர்த்தார்கள். 37,000 அடியாக இருந்த பறக்கும் உயர வரம்பு 41,000 அடி ஆனது. இதனால் லெகசி சுமார் 6,000 கிலோமீட்டர் போகும். இஆர்ஜே 135-இல் தூரம் அதிகம் போகும் வகைகூட ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர்தான். துபாயிலிருந்து லண்டன் சுமார் 5,500. மலிவான விமானம் வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பாமல் போய்ச்சேராது. மாதம் இரண்டு முறை அப்படி இறங்கி ஏறினால், தரையிறங்கும் கட்டணம், காத்திருப்பு, முதலாளியின் நேரம் எல்லாம் சேர்ந்து விலையில் மிச்சம் பிடித்ததைக் கரைத்துவிடும். ரியாத்துக்கு மட்டும் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. விமானத்தின் அடையாளத் தகட்டிலும் பதிவுச் சான்றிதழிலும் உள்ள ரகப் பெயரைப் படியுங்கள். லெகசியாகவே பிறந்ததில் ‘இஎம்பி-135பிஜே’ என்று இருக்கும். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், அந்தக் கடைசி இரண்டு எழுத்துகள் இல்லையென்றால் அது லெகசி இல்லை.

சரி, லெகசி 600-க்கே வருவோம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று இருக்கும். குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். ஆட்களும் பெட்டிகளும் நிறைய இருந்தால் லண்டன் பயணத்துக்குக் கையிருப்பு எரிபொருள் நெருக்கடியாகத்தான் இருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் லெகசி 650 பாருங்கள். அது சுமார் 7,200 கிலோமீட்டர் போகும்.

அப்புறம், முதலாளியை ஒரு மணி நேரமாவது உள்ளே உட்கார வையுங்கள். கேபின் நல்ல நீளம். மூன்று பகுதியாகப் பிரித்து 13 பேர் உட்காரலாம். பின்னால் இருக்கும் பெட்டி அறைக்குப் பறக்கும்போதே போய்வரலாம், இந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அகலம் 2.1 மீட்டர்தான். இந்த உடல் அகலம் 1980-களின் பிரசிலியா என்ற புரொப்பெல்லர் விமானத்திலிருந்து வந்தது. வரிசைக்கு மூன்று இருக்கை என்ற கணக்கு. போட்டி ஜெட்டான பம்பார்டியர் நிறுவனத்தின் சேலஞ்சர் 605 நீளத்தில் குறைவு, அகலம் 2.4 மீட்டர். தோள் இடிக்காமல் உட்காரப் பிடிப்பவரா, தனி அறைபோல ஒதுங்கிப் பேசப் பிடிப்பவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாங்கும் முன் ஆய்வை, இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்த பணிமனையிடமே கொடுக்காதீர்கள். 48 மாத, 96 மாத ஆய்வுகள் எப்போது முடிந்தன என்று லாக்புக்கில் பாருங்கள். 96 மாத ஆய்வு நெருங்கியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின்களும், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று பணம் கட்டும் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கின்றனவா, பாக்கி ஏதும் உண்டா, திட்டம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் தரகர் கணக்குக்குப் போகவே கூடாது. வியாபாரம் முடியும்வரை மூன்றாவது தரப்பு பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் போட்டு, ஆய்வு சரியில்லையென்றால் முழுவதும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2006-இல் பிரேசிலில் வானத்தில் மோதியது இந்த ரகம்தானே? முதலாளியின் மனைவி பயப்படுகிறார்.

பதில்: ஆமாம், லெகசி 600தான். செப்டம்பர் 29 அன்று அமேசான் காட்டுக்கு மேலே கோல் என்ற பிரேசில் விமான நிறுவனத்தின் போயிங் 737-உடன் மோதியது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். இறக்கை நுனியும் வாலும் சேதமான லெகசி, ஒரு விமானப்படைத் தளத்தில் இறங்கியது; அதிலிருந்த 7 பேரும் உயிர் தப்பினார்கள். இரண்டும் எதிரெதிராக ஒரே உயரத்தில் பறந்துகொண்டிருந்தன. தரைக் கட்டுப்பாட்டின் தவறுகளும், விமானம் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிவிக்கும் லெகசியின் டிரான்ஸ்பாண்டர் கருவி சிக்னல் அனுப்பாமல் இருந்ததும் சேர்ந்து வந்த கோரம் அது. விமானத்தின் கட்டுமானக் கோளாறு இல்லை. இந்திய விமானப்படையும் முக்கியப் பிரமுகர்களுக்காக டில்லியில் இதே ரகம் நான்கை வைத்திருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். விமானிகளை வேலைக்கு எடுக்கும்போது, இதே ரகத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.