திருநெல்வேலிப் பக்கம் மூன்று நாள் காரில் சுற்றிப் பறவை பார்க்க எந்த ஊர்களுக்குப் போகலாம்?

எனக்குப் பாளையங்கோட்டை. அந்த உரிமையில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன்: ஊரைக் கேட்பதற்கு முன்னால் எந்தக் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று கேளுங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. சில வருடங்களுக்கு முன் மூன்று நாளில் ஒன்பது குளம் என்று தாளில் எழுதிக்கொண்டு, மச்சினனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மழை ஏமாற்றிய வருடம். இரண்டாவது குளத்தில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் ஆடு மேய்ந்தது. "அத்தான், ஆள்காட்டிக் குருவி ரெண்டு நிக்கி, எழுதிக்கிடுங்க" என்றான். இன்னும் வீட்டு விசேஷங்களில் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிறைந்தால் தை, மாசியில் வாருங்கள். வலசை வரும் வாத்துகளும் இருக்கும், உள்ளூர்ப் பறவைகளும் கூடு கட்டியிருக்கும்.

மூன்று நாளில் பாதியைக் கூந்தன்குளத்துக்கே கொடுத்துவிடலாம். நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1994 முதல் சரணாலயம், 2022-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் இதற்கு வரும். முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் விடியற்காலை ஒரு தடவை போங்கள். நடுப்பகலில் போனால் கானல் ஆடும். தொலைவில் வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்பதோடு சரி.

குளத்துக்குள் கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, வருடத்தைப் பொறுத்துப் பூநாரை. வரித்தலை வாத்தை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, இங்கே நெல் வயல் ஓரத்தில் நம்ம வீட்டு வாத்து மாதிரிப் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் எனக்குக் குளத்தை விட ஊர்தான் பிடிக்கும். மஞ்சள் மூக்கு நாரைகள் தெருவிலுள்ள வேம்பிலும் புளியிலும் கூடு வைத்திருக்கும், கீழே கார் நிற்கும், துணி காயும். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கூட்டை முக்கால் மணி நேரம் பார்த்தேன். தாயோ தகப்பனோ, இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் தெரியவில்லை, வெயிலுக்கு முதுகைக் காட்டி இறக்கையைப் பாதி விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சு. வெயில் நகர நகரப் பறவையும் கால் மாற்றி நகர்ந்தது. பெரிசுகள் அலகைத் தட்டுவதோடு சரி. தெரு முழுக்கக் கேட்கிற கத்தல் குஞ்சுகளுடையது. வீச்சமும் உண்டு, மீன் மார்க்கெட்டில் சந்தனம் மணக்குமா?

"எச்சம் விழுதே, உங்களுக்குத் தொந்தரவு இல்லையா ஆச்சி?" என்று திண்ணைக்காரியிடம் கேட்டேன். "பிள்ளைப்பேறுக்கு வந்த மகள வெளிய போன்னு சொல்லுவாவளா ஐயா?" என்றார். தீபாவளிக்கு அங்கே வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பதும் இந்தப் பாசத்தில் ஒரு பங்கு, அதில் தப்பில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் நாங்குநேரி, களக்காடு வழியாக அம்பாசமுத்திரம். இந்த வழியில் அவசரப்படாதீர்கள். கரண்டுக் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும், பறந்தால்தான் அந்த நீலம். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி உள்ளேயிருந்தே பாருங்கள். காருக்குப் பயப்படாத பறவை, கதவைத் திறந்து நீங்கள் இறங்கினால் பறந்துவிடும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும்.

மூன்றாம் நாள் காலை திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்கும் நாரையும் அடையும். ஊர்க்காரர்கள் காத்துவந்த இந்தச் சின்ன இடத்தை 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். மூன்று ஹெக்டேர்கூட இல்லை. ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, கோயில் கோபுரத்து மரச்சிற்பங்களையும் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வாகைக்குளம் இருக்கிறது, நேரமிருந்தால்.

மாஞ்சோலை மலையை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பீர்கள். அங்கே இருவாச்சிப் பறவை பார்க்க ஆசைதான். ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி வேண்டும், மழை பெய்தால் பாதையையும் மூடுவார்கள். அதை இந்த மூன்று நாளில் திணித்தால் குளமும் போச்சு, மலையும் போச்சு. தனியாக ஒரு தடவை வாருங்கள்.

அப்புறம், கூந்தன்குளத்துத் தெருவில் மரத்தடியில் வண்டியை விடாதீர்கள். மச்சினன் கார் வெள்ளை நிறம்தான், ஆனாலும் கழுவ ஒரு மணி நேரம் ஆனது.