மூன்று வைர முத்திரைக்கு முதலாளி யார்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் முன்பு மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. கப்பல், லிஃப்ட், வங்கி, பென்சில் என்று பலவற்றிலும் அதே பெயரைப் பார்க்கிறேன். இவை அனைத்தும் ஒரே முதலாளிக்குச் சொந்தமானவையா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: இல்லை. பென்சிலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்துக்கும் மற்றவற்றுக்கும் எந்த உறவும் கிடையாது. மிட்சுபிஷி பெயரோடு வரும் அடையாளமான மூன்று வைர முத்திரையை அது 1903ஆம் ஆண்டிலேயே, மற்ற மிட்சுபிஷிக்கு முன்பாகவே, தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது.

மற்றவை ஒரு குடும்பத்திலிருந்து கிளைத்தவை. ஷிகோகு தீவின் டோசா பகுதியில் பிறந்த இவாசாகி யதாரோ 1870இல் கப்பல் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். 1874இல் தைவானுக்கும், 1877இல் சத்சுமா பகுதி சாமுராய்களின் கலகத்தை அடக்கவும் ஜப்பானிய அரசு அனுப்பிய படைகளை அவருடைய கப்பல்கள் ஏற்றிச் சென்றதால், அரசின் ஆதரவும் பெருஞ்செல்வமும் சேர்ந்தே வந்தன. ஆனால் அவருடைய ஆதிக்கம் வளர்வதை விரும்பாத அதே அரசு போட்டிக்கு இன்னொரு கப்பல் நிறுவனத்தை ஊக்குவித்தது; இரண்டும் மாறி மாறிக் கட்டணத்தைக் குறைத்து நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது, 1885இல், யதாரோ காலமான ஆண்டிலேயே, அவை நிப்பான் யூசென் கைஷா என்ற ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. குடும்பத்தின் மூலத்தொழில் கைமாறிப்போனது. மிட்சுபிஷியைக் கனரகத் தொழிலின் பக்கம் தள்ளியது இந்த இழப்புதான் என்பது என் கருத்து. தம்பி யனோசுகே தகாஷிமா நிலக்கரிச் சுரங்கத்தையும், 1884இல் அரசிடம் குத்தகைக்கு எடுத்து 1887இல் விலைக்கே வாங்கிய நாகசாகி கப்பல் கட்டும் தளத்தையும் முதன்மையாக நம்பியே குழுமத்தை மீண்டும் எழுப்பினார்.

கப்பல், விமானப் பிரிவுகள் 1934இல் மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனமாக ஒன்றாயின. இரண்டாம் உலகப்போரின் முசாஷி போர்க்கப்பலும் ஸீரோ போர்விமானமும் இதன் தயாரிப்புகளே. ஆகவே, போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டு நிர்வாகம், பங்குகளைக் கையில் வைத்திருந்த தலைமை நிறுவனத்தை 1946இல் கலைத்து, இவாசாகி குடும்பத்தின் பிடியை அறுத்தது. கனரகத் தொழில் நிறுவனமும் 1950இல் மூன்றாக உடைந்தது. எனினும், கம்யூனிச சீனாவும் கொரியப் போரும் அமெரிக்காவின் கவலைகளை மாற்றியதால், பிரித்தவர்களுக்கே பிரிவினையில் ஆர்வம் குறைந்தது. 1964இல் மூன்றும் மீண்டும் இணைந்தன. பழைய குடும்பம் மட்டும் அதிகாரத்துக்குத் திரும்பவில்லை. அதன் இடத்தை, ஒன்றின் பங்குகளை மற்றொன்று வைத்துக்கொள்ளும் ஏற்பாடும், தலைவர்கள் கூடிப் பேசும் ‘வெள்ளிக்கிழமைச் சங்கமும்’ நிரப்பின. அந்தச் சங்கம் கலந்துபேசும் இடமே தவிர, ஆணையிடும் இடமன்று.

நீங்கள் குறிப்பிட்ட காரை வடிவமைத்த மிட்சுபிஷி மோட்டார்ஸ் 1970இல் கனரகத் தொழில் நிறுவனத்திலிருந்து பிரிந்தது. 2016இல் அதன் 34 சதவீதப் பங்குகளை வாங்கியது மிட்சுபிஷி குழுமத்துக்கு வெளியே உள்ள நிஸான்.