நாக்கு ஒட்டியிருந்தால் உடனே அறுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது முதல் குழந்தை. ஆண் பிள்ளை, பிறந்து 19 நாள் ஆகிறது. தேனிப் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். பால் கொடுக்க உட்கார்ந்தாலே பயமாக இருக்கிறது. இரண்டு காம்பும் வெடித்து ரத்தம் கசிகிறது. ஒரு மணி நேரம் குடிக்கிறான், இறக்கிவிட்ட பத்தாவது நிமிடம் மறுபடி அழுகிறான். குடிக்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. குழந்தை மருத்துவர், "நாக்கு ஒட்டியிருக்கிறது, பார்க்கலாம்" என்றார். பல் மருத்துவர் ஒருவர், நாக்கையும் மேலுதட்டையும் சேர்த்து லேசரில் பிரித்துவிடலாம், இல்லையென்றால் பேச்சு வராது என்கிறார். மாமியாரோ, "உனக்குப் பால் பத்தலை, பவுடர் பால் கொடு" என்கிறார்; தேன் தடவினால் நாக்கு தானாகப் பிரியுமாம். பிறந்தபோது எடை 2.900 கிலோ, ஐந்தாம் நாள் 2.680, இன்று 2.960. யார் சொல்வதைக் கேட்பது?

– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: அந்த மூன்று எடைகளையும் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. நாலு பக்கம் எழுதுபவர்கள்கூட எடையைச் சொல்வதில்லை. பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது இயல்புதான். பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான் கவலை. உங்கள் மகன் இழந்தது 220 கிராம், ஏழரை சதவீதம். பிறகு 14 நாளில் 280 கிராம் ஏறியிருக்கிறான், நாளுக்கு 20. இந்த வயதில் 20 முதல் 30 வரை ஏற வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆக பாஸ்தான், ஆனால் பார்டரில் பாஸ். இன்றைக்கே அறுக்க ஓட வேண்டியதில்லை. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டவும் வேண்டாம். உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது.

எல்லோரும் நாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் காம்பைப் பாருங்கள். குழந்தை வாயை எடுத்த நொடியில் அது உருண்டையாக, கொஞ்சம் நீண்டு வந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோல ஒரு பக்கம் சரிந்து, நசுங்கி, வெளுத்து வந்தால் அவன் காம்பை மட்டும் மென்றிருக்கிறான் என்று அர்த்தம். பால் குடிக்கும்போது குழந்தையின் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வெளியே வந்து, மார்பைக் கிண்ணம்போல ஏந்திக்கொள்ள வேண்டும். நாக்கின் அடிச்சவ்வு குட்டையாகவோ இறுக்கமாகவோ இருந்தால் நாக்கு ஈறுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். ஈறு காம்பைக் கடிக்கும். பிடி நழுவும்போதெல்லாம் நீங்கள் கேட்கிற அந்த 'டொக்' சத்தம். பால் முழுசாக இறங்காததால் ஒரு மணி நேரம் குடித்தும் பசி அடங்காது. உங்களுக்குப் பால் இல்லாமல் இல்லை. இருக்கிற பால் அவன் வாய்க்குள் போகவில்லை.

ஆனால் சவ்வு குட்டையாக இருக்கிற குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிக்கலில்லாமல் குடிக்கிறார்கள். அழும்போது நாக்கு நுனி இதய வடிவில் பிளந்து தெரிந்த குழந்தைகள் கொழுகொழுவென்று வளர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வேலை, பிடியைச் சரி செய்வது.

நம் பெண்கள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோவது. முதுகு வளைந்து, தோள் இறங்கி, ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். கட்டில் தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துப் பாதி சாய்ந்துகொள்ளுங்கள். குழந்தையை உங்கள் மேல் வயிற்றோடு வயிறாகக் குப்புறப் போடுங்கள். அவன் மூக்குக்கு நேரே காம்பு இருக்கட்டும், வாய்க்கு நேரே வேண்டாம். காம்பு மூக்கில் உரசினால் தலையை அண்ணாந்து வாயைக் கொட்டாவிபோலத் திறப்பான். அதுவரை காத்திருங்கள், பாதி திறந்த வாயில் திணிக்காதீர்கள். திறந்ததும் தோளைப் பிடித்து அணையுங்கள். முதலில் தாடை மார்பில் புதைய வேண்டும். கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறான்.

பின்தலையை மட்டும் யாரும் அமுக்க வேண்டாம். என் இரண்டாவது மகனுக்கும் நாக்கு ஒட்டியிருந்தது. பிரசவமான இடத்தில் ஒரு அம்மா நல்லெண்ணத்தில்தான் அவன் தலையைப் பிடித்து என் மார்பில் அழுத்தினார். அவன் வில்லாக வளைந்து கத்தினான். அப்புறம் இரண்டு நாள் மார்பைக் கண்டாலே அழுகைதான்.

சாய்ந்த நிலை ஒத்துவரவில்லையா? குடத்தை இடுப்பில் இடுக்குவதுபோலக் குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால் பின்பக்கம் போக வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் சில நொடி சுரீர் என்பது இருக்கலாம். அரை நிமிடம் தாண்டியும் வலித்தால் அவன் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். பத்து தடவை ஆனாலும் பரவாயில்லை.

ரத்தம் கசிகிற பக்கத்தில் தாங்கவே முடியாவிட்டால் ஒரு நாள் அதற்கு ஓய்வு கொடுத்து, பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் (சங்கில்) கொடுங்கள். புட்டி வேண்டாம். எடுக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். தேங்கினால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். காம்பில் சோப்புப் போடாதீர்கள். கடைசித் துளிப் பாலையே தடவிக் காற்றில் உலரவிடுங்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பக்கத்து அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் தாய்ப்பால் ஆலோசகரோ அனுபவமுள்ள செவிலியரோ இருந்தால், அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு முறை பால் கொடுத்துக் காட்டுங்கள். நான் எழுதுகிற ஆயிரம் வரியைவிட அது மேல்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் வலி குறையவில்லை, எடை ஏறுவது நாளுக்கு 20 கிராமைத் தாண்டவில்லை என்றால் சவ்வைப் பிரித்துவிடலாம். குற்ற உணர்ச்சியே வேண்டாம். குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்து, நாக்கைத் தூக்கி, சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு; சில நொடி வேலை. ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வரும், உடனே மார்பில் போட்டால் நின்றுவிடும். ரத்தம் உறைய உதவுவதற்காகப் பிறந்தவுடன் போடுகிற வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சில நாளில் நாக்கடியில் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். அது சீழ் இல்லை, புண் ஆறுகிறது. வெட்டிய அன்றே எல்லாம் மாறிவிடாது. புது நாக்கோடு குடிக்க அவன் பழக வேண்டும், பிடியை நீங்கள் அப்போதும் கவனிக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 302 குழந்தைகளை, வைத்துச் சொன்னதும் இதுதான்: தாயின் வலி குறைகிறது, குழந்தை குடிப்பது மேம்படுகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை.

லேசர்? பார்க்க உசத்தியாகத் தெரியும், ஆனால் கத்தரியைவிட அது சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2024ல் வெளியிட்ட அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. வெட்டிய இடத்தை நீவி இழுக்கும் பயிற்சிகளையும் அது பரிந்துரைக்கவில்லை. மேலுதட்டுச் சவ்வு எல்லாக் குழந்தைக்கும் இருப்பது, அதைத் தொட விடாதீர்கள். பேச்சு வராது என்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம். நாக்குச் சவ்வால் பேச்சு வராமல் போகாது. சில எழுத்துகளின் உச்சரிப்பில் தடங்கல் வந்தால் பேச ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேனுக்கு மட்டும் கண்டிப்பான 'வேண்டாம்'. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அரிதாக என்றாலும், உயிருக்கே ஆபத்தான நச்சுப் பாதிப்பு வரலாம். சவ்வு தேனுக்குக் கரைகிற பொருளும் இல்லை. 'பால் பத்தலை' என்பதற்கு மாமியாரிடம் வாதாடாதீர்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, குழந்தை நனைக்கிற துணிகளை எண்ணச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு துணிக்கு மேல் நனைந்தால் போதுமான பால் போகிறது. அதற்குக் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து எழுப்பினாலும் குடிக்காமல் கிடந்தாலோ என் ஒரு வாரக் கணக்கெல்லாம் செல்லாது, அன்றே மருத்துவமனை. அங்கே மருத்துவர் கொஞ்ச நாளைக்குப் பவுடர் பால் எழுதிக்கொடுத்தால் மறுக்காதீர்கள், அதையும் பாலாடையிலேயே கொடுக்கலாம். அடுத்த எடையை இன்று போட்ட அதே தராசில், உடுப்பில்லாமல் போடுங்கள்.