பந்தை அதிக நேரம் வைத்திருந்த அணி ஏன் தோற்கிறது?

கால்பந்து உலகக் கோப்பையில் தங்கள் அணி தோற்றதும் ரசிகர்கள் கேட்கும் கேள்வி இது. ‘பொசஷன்’ என்பது பந்து ஓர் அணியின் காலில் இருந்த நேரத்தின் பங்கு, அவ்வளவுதான். மைதானத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை அது சொல்லாது. எதிரணி பின்னால் இறங்கி கோலுக்கு முன்னே நெருக்கமாக நின்றுவிட்டால், பந்து பக்கவாட்டிலேயே சுற்றும். பூட்டிய வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது மாதிரி.

2022-இல் ஜப்பான் ஏறத்தாழ 18 சதவீதம்தான் பந்தை வைத்திருந்தது. ஆனாலும் ஸ்பெயினை 2-1 என வென்றது. இடைவேளை முடிந்ததும் பாய்ந்து நெருக்கினார்கள். ஸ்பெயின் தன் கோல் பக்கத்திலேயே பந்தை இழந்தது, ஜப்பான் வீரர் டோவான் உதைத்தார், கோல்! அடுத்த சில நிமிடங்களில் இன்னொன்று. என்னைக் கேட்டால், அழகான ஆட்டம்.

அப்புறம், இப்படி ஜெயிப்பது வெறும் அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பந்தை விட்டுக்கொடுத்து, பறிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் திட்டமிட்ட ஆட்டம்தான்.