மரமும் மூச்சுக் கணக்கும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மரநடுகை நாளுக்காக ‘ஒரு மரம் நான்கு பேருக்கு மூச்சு’ என்று பதாகை எழுதியிருந்தோம். அதை வாசித்த தரம் 8 மாணவன் ஒருவன், “ரீச்சர், காட்டையெல்லாம் வெட்டி முடிச்சால் எத்தனை வருசத்தில எங்களுக்கு மூச்சு முட்டும்?” என்று கேட்டான். அமேசான் காடு உலகின் ஒட்சிசனில் 20 வீதத்தைத் தருகிறது என்று எங்கோ வாசித்ததைச் சொல்லிச் சமாளித்தேன். ஒட்சிசன் வட்டத்தை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி வரைந்து காட்டலாம்? தேக்கு நடுவது நல்லதா, வேம்பு நடுவது நல்லதா? இரவில் மரத்தடியில் படுக்கக்கூடாது என்பது உண்மையா?

– ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவனுக்கு முதலில் என் அன்பைச் சொல்லுங்கள். பதாகையை எழுதியவர்கள் கேட்டிருக்கவேண்டிய கணக்கை வாசித்தவன் கேட்டிருக்கிறான். கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். மரத்தடியில் படுத்தவரை மரத்தின் சுவாசம் ஒன்றும் செய்யாது, பாம்புக்குத்தான் பயப்படவேண்டும். தேக்கா வேம்பா என்பதை வன அலுவலரிடம் கேளுங்கள். சில காலமாக நான் மனத்துக்குள் சண்டைபிடித்துக்கொண்டிருப்பது அந்த 20 வீதத்தோடுதான்.

2019 இல் அமேசான் எரிந்தபோது இந்த எண் உலகமெங்கும் ஓடியது. நாட்டுத் தலைவர்கள்கூட அதைச் சொன்னார்கள். அது பிழை. தாவரம் ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசனை வெளிவிடுகிறது என்பது சரி. ஆனால் அதே தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. உதிர்ந்த இலையைக் கறையானும் பூஞ்சணமும் பற்றீரியாவும் தின்று சுவாசிக்கின்றன. பட்டுப்போன பாலைமரம் உக்கி மண்ணாகும்வரை ஒட்சிசன் செலவாகிக்கொண்டேயிருக்கிறது. முதிர்ந்த காடொன்றின் வரவையும் செலவையும் நேர்செய்து பார்த்தால் மிச்சம் ஏறத்தாழப் பூச்சியம். விளைந்த நெல்லையெல்லாம் வீட்டிலேயே ஆக்கித் தின்றுவிடும் குடும்பம், ஊருக்கு நெல் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அமேசானுக்கும் இதுதான் கணக்கு, உங்கள் பக்கத்து முத்தையன்கட்டுக் காட்டுக்கும் இதுதான் கணக்கு.

அப்படியானால் வளியிலுள்ள 20.95 வீத ஒட்சிசன் எங்கிருந்து வந்தது? உக்காமல் தப்பியவற்றால் வந்தது. உயிர்கள் உண்டாக்கும் சேதனப் பொருளில் (காபன் கொண்ட உடற்பொருளில்) ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் கடலடிச் சேற்றில், உக்குவதற்கு முன்னரே புதைந்துபோகிறது. அதை உக்கவைக்கச் செலவாகியிருக்கவேண்டிய ஒட்சிசன் வளியில் எஞ்சிவிடுகிறது. ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியாக்களான சயனோபற்றீரியாக்கள் தொடக்கிவைத்த அந்த எச்சம், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. இன்றுள்ள கையிருப்பு, பூமியின் தாவரங்களும் பாசிகளும் ஓராண்டில் வெளிவிடும் அளவைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. ரால்ஃப் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980களின் இறுதியிலிருந்து இதை அளந்துவருகிறார். எரிபொருளை நாம் எரிப்பதால் ஒட்சிசன் குறைந்துகொண்டுதான் போகிறது. ஆனால் ஆண்டுக்குப் பத்து இலட்சம் வளி மூலக்கூறுகளில் ஏறத்தாழ நான்கு என்ற அளவில். இதே வேகத்தில் நூறாண்டு போனாலும் 20.95 என்பது 20.91 ஆகும். ஆகவே மாணவனுக்குரிய நேர்மையான விடை: காட்டையெல்லாம் வெட்டினாலும் உனக்கு மூச்சு முட்டாது, அதற்கு வெகுகாலம் முன்னரே வெக்கையும் வரட்சியும் பசியும் வந்து சேர்ந்துவிடும்.

“நல்ல காரியத்துக்காகத்தானே சொல்கிறோம், கணக்குச் சற்றுப் பிசகினால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியை கேட்கக்கூடாத கேள்வி அது, பிள்ளை. பதாகையிலுள்ள பொய்யை இந்தப் பையன் பத்து வருடத்தில் கண்டுபிடிப்பான். அன்றைக்குக் காட்டைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே நம்பமாட்டான்.

பாடநூல்களில் மரத்துக்கும் மனிதனுக்கும் இடையில் இரண்டு அம்புக்குறிகளைப் போட்டு வட்டத்தை முடித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. மரம் வெளிவிடும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருவதல்ல. வேர் உறிஞ்சிய நீரிலிருந்து வருவது. 1941 இல் ரூபன், கேமன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் பாரமான ஒட்சிசன் அணுவைக் கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்து இதைக் காட்டினார்கள். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனும் உடலுக்குள் மறுபடி நீராகவே முடிகிறது. நிலத்துக்கும் இதில் பங்கிருக்கிறது. நம்முடைய செம்மண்ணின் சிவப்பு, பாறையிலிருந்த இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடித்த சிவப்பு. வயலில் நீர் கட்டி நிற்கும்போது ஒரு நெற்பயிரைச் சேற்றோடு பிடுங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சேறு கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும், ஏனெனில் அங்கே ஒட்சிசன் இல்லை. வேரைக் கழுவினால் அதன்மேல் செம்மஞ்சள் துரு படிந்திருக்கும். நெல் தன் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக ஒட்சிசனை வேருக்கு இறக்குகிறது; வேரிலிருந்து கசியும் அந்தச் சிறிதளவு ஒட்சிசன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குகிறது. வட்டம் முழுவதும் அந்த ஒரு பிடி சேற்றில் இருக்கிறது.

ஒட்சிசனுக்குத் தட்டுப்பாடு வருவது நீரில்தான். ஒரு லீற்றர் வளியில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் குளத்து நீர் கரைத்து வைத்திருக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம் மட்டுமே. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு புரட்டாதியில், கச்சான் காற்று அடங்கி இலை அசையாமல் நின்ற இரவொன்றின் முடிவில், எங்கள் ஊர்க்குளத்துத் திலாப்பியாக்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. விடிவதற்குள் செத்து மிதந்தன. பக்கத்து ஊரார் நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று பேச்சு எழுந்து, இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும் அளவுக்கு வளர்ந்தது. பெரியப்பா மட்டும், “நஞ்செண்டால் விரால் மட்டும் எப்பிடித் தப்பினது?” என்று கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. விரால் மேலே வந்து வளியை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். நீரில் ஒட்சிசன் தீர்ந்தாலும் அது பிழைக்கும், நஞ்சென்றால் அதுவும் செத்திருக்கும். வயல்களிலிருந்து கழுவுண்டு வந்த யூரியாவிலும் பொசுபேற்றிலும் செழித்த பாசி, பகலில் ஒட்சிசனைத் தந்து இரவில் தானே அதைத் தின்றது; செத்த பாசியைப் பற்றீரியாக்கள் உக்கவைத்து மிச்சத்தையும் தீர்த்தன; நீரைக் கலக்கிவிடக் காற்றும் இல்லை. விடியுமுன் நேரம்தான் குளத்தில் ஒட்சிசன் ஆகக் குறைந்திருக்கும் நேரம். இது இன்றைக்கும் நடக்கிறது, இன்றைக்கும் நாம் முதலில் தேடுவது பக்கத்து ஊர்க்காரனைத்தான். இதைப் படிப்பிக்காமல் அமேசானைப் படிப்பிக்கிறோம் என்பதுதான் என்னுடைய கோபம்.

காட்டைக் காக்கவேண்டிய காரணம் இந்தக் குளங்களிலேயே இருக்கிறது. குளத்துக்கு மேலேயுள்ள காடு அழிந்தால் மழையோடு மண்ணும் உரமும் குளத்துக்குள் இறங்கும். குளம் தூர்ந்து ஆழம் குறையும். ஆழம் குறைந்த நீர் விரைவில் சூடேறி, வைத்திருந்த கொஞ்ச ஒட்சிசனையும் விட்டுவிடும். ஆகவே கன்றுகளைப் பாடசாலை வளவுக்குள் வரிசையாக நடாமல், உங்கள் குளத்தின் நீரேந்துப் பிரதேசத்தில் நடுவதற்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். வட்டத்தை எப்படி வரைவது என்றல்லவா கேட்டிருந்தீர்கள்: நீரிலிருந்து தொடங்கி நீரில் முடியுங்கள், செம்மண்ணுக்கு ஒன்றும் சேற்றுக்கு ஒன்றுமாக இரண்டு அம்புக்குறிகளை மறக்காதீர்கள். அந்த மாணவன் விடியுமுன் குளத்தைப் பார்க்கவேண்டுமென்று அடம்பிடித்தால் தனியே அனுப்பிவிடாதீர்கள். அலைகரையில் யானை நிற்கும்.